அவதிப் பெறுமானம் எங்கேயிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கடைசி வருட ஆய்வு செய்கிற பிள்ளைகளும் தங்கள் தரவைத் தூக்கிக்கொண்டு அவ்வப்போது வருவார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: "சேர், இந்த 1.96 எங்கேயிருந்து வந்தது?" சோதனைக் கணக்குகளில் அடிக்கடி வரும் ஓர் அவதிப் பெறுமானம் அது. அட்டவணையிலிருந்து என்று சொல்லிப் பல வருடம் தப்பித்திருக்கிறேன். அரிசி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்ட பிள்ளைக்குக் கடையிலிருந்து என்று சொன்ன மாதிரி. படுவான்கரை வயலுக்குள் வளர்ந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. அதனால் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவதிப் பெறுமானம் என்றால் என்ன? பெயரே பயமாக இருக்கிறதே?

ஆங்கிலத்தில் critical value. அவதி என்ற சொல்லுக்கு எல்லை என்றும் ஒரு பொருள் உண்டு. நமக்குத் துன்பம் என்ற பொருள்தான் பழக்கம் என்பதால் என் வகுப்பில் இதற்கு "அவதிப்படுத்தும் பெறுமானம்" என்று பெயர். நான் திருத்துவதில்லை.

ஒரு கருதுகோளைச் சோதிக்கும்போது தரவை எல்லாம் சுருக்கி ஒரே ஓர் எண்ணை எடுக்கிறோம். அந்த எண் எவ்வளவு தூரம் போனால் "இது சும்மா தற்செயலாக வந்ததில்லை" என்று சொல்லலாம்? அந்த எல்லைக்கோடுதான் அவதிப் பெறுமானம். தாண்டினால் சூனியக் கருதுகோளை, அதாவது "விசேஷமாக ஒன்றுமில்லை, எல்லாம் தற்செயல்" என்ற அனுமானத்தை, நிராகரிக்கிறோம். தாண்டாவிட்டால் நிராகரிக்க ஆதாரம் போதாது என்கிறோம்.

அந்தக் கோட்டைக் கீறுவது யார்?

பாதி கணக்கு, பாதி நாம். இதை விளங்கப்படுத்த என் மாமாவின் தயிர்க் கதையைவிட நல்லது எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மாமாவுக்கு எருமைத் தயிர் என்றால் உயிர். மண் சட்டியில் உறைந்த தயிரையும் பிளாஸ்டிக் கோப்பையில் உறைந்த தயிரையும் கண்ணைக் கட்டிக்கொண்டே பிரித்துச் சொல்வேன் என்று ஒருநாள் சவால் விட்டார். சரி, பார்ப்போம் என்று ஒரே பாலை இரண்டு விதமாக உறைய வைத்தோம். எட்டுச் சின்னக் கிண்ணம். நாலில் சட்டித் தயிர், நாலில் பிளாஸ்டிக் தயிர். வரிசையைக் கலைத்து வைத்தாயிற்று. நாலு சட்டித் தயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எது என்பதுதான் தெரியாது. நாலைப் பொறுக்க வேண்டும்.

இப்போது மாமாவுக்கு ஒன்றுமே தெரியாது, குருட்டு அதிர்ஷ்டத்தில் பொறுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் சூனியக் கருதுகோள். எட்டிலிருந்து நாலைப் பொறுக்க 70 வழி. அந்த 70இல் நாலும் சரியாக வருவது 1 வழி. மூன்று சரியாக வருவது 16 வழி. இரண்டு சரியாக வருவது 36. ஒன்று மட்டும் என்றால் 16. ஒன்றும் சரியில்லை என்றால் 1. கூட்டிப் பாருங்கள், 70 வரும்.

கணக்கின் பாதி இதோடு முடிந்தது. இந்த 1, 16, 36, 16, 1 என்ற பரம்பலில் மாமாவின் நாக்குக்குப் பங்கே இல்லை. நாக்கு ஒன்றும் அறியாத உலகத்தின் படம் அது.

மற்றப் பாதியை நாம்தான் சொல்ல வேண்டும்: ஒன்றும் தெரியாத மனிதரைத் தெரிந்தவர் என்று தவறாக ஒப்புக்கொள்ளும் ஆபத்தை எவ்வளவு வரை பொறுப்போம்? 5 சதவீதம் என்று வையுங்கள். நாலும் சரியாக வர நிகழ்தகவு 1/70, அதாவது 1.4 சதவீதம். 5ஐ விடக் குறைவு, பரவாயில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் சரியாக வர 17/70, அதாவது 24.3 சதவீதம். அது மிக அதிகம். ஆகவே அவதிப் பெறுமானம் 4. நாலும் சரியாக இருந்தால்தான் சவாலில் வென்றதாக ஒப்புக்கொள்வோம்.

மாமா மூன்று சரியாகச் சொன்னார். "என்ன மருமகன், நாலில மூண்டு சரிதானே, மறுகா என்ன?" என்று கோபித்துக்கொண்டார். நாலு தரம் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் ஒரு தரம் எனக்கும் அவ்வளவு வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இந்தச் சோதனையின் அமைப்பு என்னுடையதல்ல. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ரொனால்ட் ஃபிஷர், 1935இல் வெளிவந்த தன் நூலில் இதையே தேநீரை வைத்து எழுதினார். பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன் என்ற ஒரு பெண்மணிக்கு எட்டுக் கோப்பை. அவர்களுக்குத் தேநீர், நமக்குத் தயிர், அந்த 70 மாறவில்லை.

ஆபத்து மட்டத்தை 1 சதவீதமாக வைத்தால்?

நாலும் சரியாகச் சொன்னாலும் போதாது. 1.4 சதவீதம் 1ஐ விடப் பெரிது. எட்டுக் கிண்ணத்தோடு அந்த மட்டத்தில் அவதிப் பெறுமானம் என்று ஒன்றே கிடையாது. கிண்ணத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

சரி, 1.96 எப்படி வந்தது? அங்கே எண்ணுவதற்குக் கிண்ணம் இல்லையே?

கிண்ணங்கள் கணக்கில்லாமல் பெருகினால் எண்ணிக்கை ஒரு வளையியாக மாறும். 1733இல் லண்டனில் இருந்த டி மொய்வர் நாணயச் சுண்டல்களின் எண்ணிக்கையிலிருந்து அப்படித்தான் செவ்வன் வளையிக்கு, அதாவது மணி வடிவ வளைகோட்டுக்கு, வந்து சேர்ந்தார். எண்ணுவதற்குப் பதில் பரப்பை அளக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் (நியம விலகல், அதாவது எண்கள் நடுவிலிருந்து சிதறும் அளவு, அதுதான் இங்கே அலகு) போனால் வெளியே மிஞ்சும் இரு வால்களின் பரப்பும் சேர்ந்து 5 சதவீதம் ஆகும் என்பதுதான் கேள்வி. இந்த வளையியின் பரப்புக்குச் சட்டென்று போட்டு எடுக்கும் சூத்திரம் கிடையாது. சின்னச் சின்னக் கீலங்களாக வெட்டிக் கூட்டத்தான் வேண்டும். கூட்டிப் பார்த்தால்: 1இல் நின்றால் வெளியே 31.7 சதவீதம். 1.5இல் 13.4. 2இல் 4.55, கொஞ்சம் கூடப் போய்விட்டோம். 1.9க்குத் திரும்பினால் 5.74. 1.95இல் 5.12. 1.96இல் 5.00. வந்துவிட்டது. கணினியும் இதையேதான் செய்கிறது, வேகமாக.

5 சதவீதம் ஏன்? யார் வைத்த சட்டம்?

சட்டம் இல்லை. ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில், இருபதில் ஒன்று என்ற நிகழ்தகவுக்கு உரிய எல்லை 1.96, ஏறத்தாழ 2, அதை எல்லையாகக் கொள்வது வசதியானது என்ற கருத்தில் எழுதினார். வசதி என்பதுதான் அவர் சொன்ன நியாயம். நியம விலகலை இரண்டால் பெருக்கினால் எல்லை வந்துவிடும், மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவர் செய்தார். அதுவரை பெரும்பாலான அட்டவணைகள் "உன் எண்ணைச் சொல், நிகழ்தகவைத் தருகிறேன்" என்ற மாதிரி இருந்தன. ஃபிஷர் அதைப் புரட்டிப் போட்டு, "நிகழ்தகவைச் சொல், எல்லை எண்ணைத் தருகிறேன்" என்று 0.10, 0.05, 0.01 போன்ற சில நிரல்களோடு அச்சிட்டார். நாம் இன்று அவதிப் பெறுமானம் தேடும் அட்டவணையின் முகம் அது. 0.05க்கு ஒரு நிரல் இருக்கிறது, 0.06க்கு இல்லை. இல்லாத நிரலை யார் பாவிப்பார்கள்? பழக்கம் சட்டமானதில் அச்சுக்கும் பங்கிருக்கிறது என்பது என் எண்ணம்.

சின்ன மாதிரிக்குப் பாவிக்கும் ரி (t) அட்டவணையில் எண்கள் ஏன் 1.96ஐ விடப் பெரிதாக இருக்கின்றன?

25 கிலோ என்று எழுதிய அரிசி மூடையில் ஐந்தை எடுத்து நிறுத்துப் பார்க்கிறீர்கள். இடையும் (சராசரியும்) அந்த ஐந்திலிருந்துதான், நியம விலகலும் அந்த ஐந்திலிருந்துதான். ஐந்து மூடையும் தற்செயலாக ஒரே மாதிரி நிறை காட்டினால் நியம விலகல் சின்னதாகிவிடும், அதால் வகுக்கும் உங்கள் எண் ஊதிப்போகும். செவ்வன் அட்டவணைக்கு இந்த ஊதல் தெரியாது. ஐந்து மூடைக்கு 1.96ஐப் போட்டால், 5 சதவீத ஆபத்து என்று நினைத்துக்கொண்டு 12 சதவீத ஆபத்தில் நிற்பீர்கள். அந்த ஊதலுக்கு இடம்விட்டு எல்லையைத் தள்ளி வைத்தால் 2.776. அதுதான் ரி.

டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெட்டுக்கு இதே பிரச்சினை. பெரிய மாதிரி எடுக்க வசதி இல்லை, நாலைந்து அளவீடுதான். 1908இல் விடையை வெளியிட்டபோது சொந்தப் பெயரைப் போட ஆலை விடவில்லை, "ஸ்டூடன்ட்" என்று போட்டார். அதை "மாணவர்" என்று மொழிபெயர்த்ததால் இது பிள்ளைகளுக்கான இலகு சோதனை, பெரியவர்களுக்கு வேறு இருக்கும் என்று நினைத்திருந்த ஒரு பிள்ளை என்னிடம் படித்தது.

இதை நானே கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

எல்லா வரியையும் இல்லை, முதல் இரண்டு வரியைப் பார்க்கலாம். கல்குலேட்டரை எடுங்கள், பாகையில் இருக்கட்டும்.

அட்டவணையின் வரிகள் சுயாதீன அளவு (degrees of freedom) என்ற எண்ணின்படி போகும், அது என்ன என்பது அடுத்த கேள்வியில். சுயாதீன அளவு 1: tan 85.5 என்று அடியுங்கள். 12.706 வரும். அட்டவணையின் முதல் வரியைப் பாருங்கள், அதே எண். 90 பாகையில் 95 சதவீதம் 85.5. சுயாதீன அளவு 1 ஆகும்போது ரி பரம்பல் அப்படி ஒரு கோணக் கணக்காகிவிடுகிறது.

சுயாதீன அளவு 2: 0.95இன் வர்க்கம் 0.9025. அதை இரண்டால் பெருக்கினால் 1.805. அதை 1 கழித்தல் 0.9025, அதாவது 0.0975ஆல் வகுங்கள். 18.513. வர்க்கமூலம் 4.303. இரண்டாம் வரி.

இதை வகுப்பில் செய்து காட்டிய நாளில் பின்வாங்கில் இருந்து ஒருவன் "அப்ப இது உண்மைதான்" என்றான். அதுவரை என்ன நினைத்திருந்தானோ.

சுயாதீன அளவு என்பது மாதிரி எண்ணிக்கையை விட ஏன் எப்போதும் ஒன்று குறைகிறது?

இடையை அதே தரவிலிருந்து எடுத்ததற்குக் கொடுக்கும் விலை. ஐந்து மூடையின் இடையைச் சொல்லி, நாலு மூடையின் நிறையையும் சொல்லிவிட்டால் ஐந்தாவதை நீங்களே சொல்லிவிடலாம். அதற்குச் சுயமாக அசைய இடமில்லை. எப்போதும் ஒன்றுதான் குறையும் என்றும் இல்லை, எத்தனை தகவலைத் தரவிலிருந்து எடுத்தீர்களோ அத்தனை குறையும்.

இதில் பெரியவர்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எண்ணிக்கைகளைச் சோதிக்கும் கை வர்க்கச் (chi-square) சோதனையை 1900இல் தந்த கார்ல் பியர்சன், இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குச் சுயாதீன அளவு 3 என்றே எடுத்தார். இல்லை, 1தான் என்று 1922இல் ஃபிஷர் காட்டினார். 5 சதவீத மட்டத்தில் 3க்கு அவதிப் பெறுமானம் 7.815. 1க்கு 3.841. உங்கள் எண் 5 என்று வந்தால், பியர்சன் சொல்வது ஒன்று, ஃபிஷர் சொல்வது வேறொன்று.

அந்த 3.841 வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

1.96ஐ வர்க்கித்துப் பாருங்கள். ஒரு செவ்வன் மாறியின் வர்க்கம்தான் சுயாதீன அளவு 1 கொண்ட கை வர்க்கம். அடுத்த வரிக்கு இயற்கை மடக்கை போதும்: 20இன் மடக்கை 2.9957, இருமடங்கு 5.991. அந்த 20, இருபதில் ஒன்று என்ற நம் 5 சதவீதமேதான். இரண்டு சுயாதீன அளவு கேட்கும் எஃப் (F) அட்டவணையும் இதே குடும்பம். அதன் 1, 10 என்ற கட்டத்தில் 4.96 இருக்கும், அது 2.228இன் வர்க்கம், 2.228 ரி அட்டவணையின் பத்தாம் வரி. தனித்தனி அட்டவணை என்று பாடமாக்குகிறோம், உள்ளே பார்த்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்.

ஒரு வாலா, இரு வாலா? சில இடத்தில் 1.645 வருகிறதே?

புதிய பசளை விளைச்சலை "மாற்றுமா" என்று கேட்டால் கூடினாலும் குறைந்தாலும் பிடிக்க வேண்டும், 5ஐ இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு 2.5. எல்லை 1.96. "கூட்டுமா" என்று மட்டும் கேட்டால் 5 முழுவதும் வலப்பக்கம், எல்லை 1.645.

கேள்வியை விதைக்கும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். எண் 1.78 வந்த பிறகு "நான் கூட்டுமா என்றுதான் கேட்டேன் சேர்" என்று வருபவர்கள் உண்டு. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

மூன்று வரவையில் (வயல் பாத்தியில்) செய்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அட்டவணையில் அந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. இந்தக் கேள்வியோடு வந்த பிள்ளை சிறுபோகத்தில் மூன்று வரவைக்குப் புதிய முறை, மூன்று வரவைக்குப் பழைய முறை என்று செய்திருந்தது. விளைச்சலைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, தரவரிசையை வைத்துச் சோதிக்கும் மான் விற்னி முறையைப் பாவித்திருந்தது. புதிய முறை மூன்றும் மேலே, பழைய முறை மூன்றும் கீழே. இதைவிடச் சுத்தமாகத் தரவு வராது.

மாமாவின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஆறு இடத்தில் மூன்றைப் பொறுக்க 20 வழி. மூன்றும் மேலே வருவது 1 வழி, மூன்றும் கீழே வருவது 1 வழி. இரு வால் சோதனையில் மிகச் சிறந்த விடைக்கே நிகழ்தகவு 2/20, பத்து சதவீதம். 5க்குக் கீழே போக வழியே இல்லை. அந்தக் கோட்டுக்குப் பொருள்: இங்கே எந்த விடை வந்தாலும் நிராகரிக்க முடியாது. நாலுக்கு நாலு வைத்திருந்தால் 70 வழி, 2/70, 2.9 சதவீதம். ஒவ்வொரு பக்கமும் இன்னும் ஒரு வரவை போதுமாக இருந்தது. நெல்லை அறுத்து மூடை கட்டிய பிறகு இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. விதைக்கும் முன் ஒரு தரம் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

எண்ணவும் முடியாது, சூத்திரமும் இல்லை என்றால்?

பொய்யாகத் தரவு செய்து பார்ப்பதுதான் வழி. சூனியக் கருதுகோள் உண்மை என்ற உலகத்தில் கணினியைக் கொண்டு பத்தாயிரம் மாதிரி எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் சோதனை எண்ணைக் கணக்கிட்டு, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குகிறோம். 9,500ஆவது இடத்தில் நிற்கும் எண் ஒரு வால் 5 சதவீத எல்லை.

கணினிக்கு முன்னரே இது நடந்திருக்கிறது. கொசெட் தன் சூத்திரத்தைச் சரிபார்க்க 3000 கைதிகளின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்து 750 மாதிரி செய்தார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கு. இப்போது அதற்கு ஒரு நொடி ஆகாது.

இந்த வழியில் வந்த அவதிப் பெறுமானங்கள் இன்றும் பாவனையில் உண்டு. தரவு செவ்வனா என்று பார்க்கும் கொல்மோகொரோவ் ஸ்மிர்னோவ் சோதனைக்குப் பெரிய மாதிரியில் எல்லை 1.36ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. ஆனால் இடையையும் விலகலையும் அதே தரவிலிருந்து எடுத்தால் அந்த எல்லை பொருந்தாது. லிலிஃபோர்ஸ் 1967இல் செயற்கை மாதிரிகளை எடுத்துப் புதிய அட்டவணை தந்தார், அங்கே 1.36 இருந்த இடத்தில் 0.886. நெல் விலை மாதிரிக் காலத்தொடர் தரவோடு வருபவர்களுக்கு தொடர் நிலையாக நிற்கிறதா என்று பார்க்கும் டிக்கி, ஃபுல்லர் இருவரின் 1979ஆம் ஆண்டுச் சோதனை தெரிந்திருக்கும். பார்ப்பதற்கு ரி மாதிரியே இருக்கும், ஆனால் இடைவெட்டு (மாறிலி) உள்ள வடிவத்தில் எல்லை -1.645 அல்ல, -2.86. வழக்கமான ரி அட்டவணையைப் போட்டு ஆய்வறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருள் பி பெறுமானத்தைத் தந்துவிடுகிறதே, அட்டவணை இன்னும் எதற்கு?

பரீட்சைக்கு. வேறு பெரிய காரணம் இல்லை. பி பெறுமானம் என்பது சூனியக் கருதுகோள் உண்மையானால் உங்கள் எண்ணோ அதைவிடத் தூரமான எண்ணோ வரும் நிகழ்தகவு. அது 0.05க்குக் குறைவு என்பதும் உங்கள் எண் அவதிப் பெறுமானத்தைத் தாண்டியது என்பதும் ஒன்றேதான், ஒரு பாலத்தின் இரு கரை மாதிரி. ஆனால் அட்டவணையை ஒரு தரம் கையால் புரட்டியவர் எந்தப் பரம்பல், எத்தனை சுயாதீன அளவு, எத்தனை வால் என்று மூன்றையும் யோசித்திருப்பார். பொத்தானை அமத்தியவர் யோசித்திருக்க வேண்டியதில்லை.

மாதிரி 30ஐத் தாண்டினால் 1.96 போடலாம் என்கிறார்களே?

போட்டால் வீடு இடியாது. சுயாதீன அளவு 30இல் சரியான எல்லை 2.042. அங்கே 1.96 போட்டால் உண்மையான ஆபத்து ஏறத்தாழ 6 சதவீதம். 30இல் எதுவும் சட்டென்று மாறுவதில்லை. அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டவணையில் 30, 40, 60, 120 என்று தாவுகிறது. என் சுயாதீன அளவு 50. என்ன செய்வது?

பயமாக இருந்தால் 40இன் எண்ணை எடுங்கள், 2.021. கொஞ்சம் கூடக் கண்டிப்பாக இருக்கும், தவறில்லை.

ஆனால் அந்தத் தாவலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 120ஐ அந்த எண்களால் வகுங்கள்: 4, 3, 2, 1. முடிவிலிக்கு 0. சம இடைவெளிப் படிகள். ரி எல்லை, சுயாதீன அளவின் தலைகீழோடு ஏறத்தாழ நேர்கோட்டில் போகும் என்பதால் இப்படி வைத்தார்கள். 50க்கு 120ஐ வகுத்தால் 2.4. 60இன் எண் 2.000, அது 2ஆம் படி. 40இன் எண் 2.021, அது 3ஆம் படி. இடையில் 0.4 பங்கு ஏறினால் 2.0084. 40க்கும் 60க்கும் நேர் நடு என்று எடுத்திருந்தால் 2.0105 வந்திருக்கும். கணினி தரும் சரியான விடை 2.0086.